ஓடைப் பக்கம் நாற்பதடி

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு மலையைப் பார்த்து நாலு கிலோமீட்டர் உள்ளே போனால், முன்பு மாந்தோப்பாக இருந்த இடத்தில் இப்போது அறுபத்திரண்டு பிளாட். சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் மதில். மேற்குப் பக்கம் ஓடை உள்ளே நுழைகிற இடத்தில் மட்டும் நாற்பதடிக்குக் கல்லும் இல்லை, கம்பியும் இல்லை, திறந்தே கிடக்கும். கிழக்கே ஓடை வெளியேறும் இடத்திலும் அப்படித்தான். மாங்காய்க் காலத்தில் யானைகள் இருட்டிய பிறகு அந்த ஓடை வழியே இறங்கிக் கிழக்கே கண்மாய்க்குப் போகும், விடியுமுன் வந்த வழியே மலையேறும். தோப்பாக இருந்தபோதும் அப்படித்தான், பிளாட் ஆன பிறகும் அப்படித்தான். யானைக்குப் பத்திரப் பதிவெல்லாம் தெரியாது.

அந்த நாற்பதடியைச் சண்டை போட்டு வாங்கியவள் சிவரஞ்சனி, அந்த மனைப்பிரிவின் சைட் சூப்பர்வைசர். டிப்ளமோ சிவில் படித்தவள். கொத்தனார்களோடு மல்லுக்கு நின்று நின்று தொண்டை அகன்றுபோனவள். வீடு வாங்க வருகிறவர்களுக்கு மலை பக்கத்தில் இருக்க வேண்டும், மலையில் இருப்பவை மட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இந்த நியாயத்தை ஆறு மாதம் கேட்டுச் சலித்த பிறகு, வனத்துறைக் காவலர் பாண்டிதுரையைக் கூட்டிக்கொண்டு ஓடை நெடுக நடந்து, கால்தடங்களைப் போட்டோ எடுத்து, முதலாளியின் மேஜையில் பரப்பிவிட்டாள். வழி கிடைத்தது.

அதோடு விட்டாளா? வாசலில் ஒரு போர்டும் எழுதி வைத்தாள். தெருவிளக்கு தரையைப் பார்த்துத்தான் எரிய வேண்டும். குப்பைத்தொட்டிக்கு மூடி வேண்டும். விழுந்த மாம்பழத்தை அன்றன்றே பொறுக்கிவிட வேண்டும். வாழை, கரும்பு, பலா மூன்றும் இந்த மதிலுக்குள் கூடவே கூடாது. குடியேறியவர்கள் அவளுக்கு ‘ஆனைக்கு வாசல் வச்ச அம்மா’ என்று பேர் வைத்தார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். நாற்பதடிக்குப் பக்கத்தில் இருந்த கடைசி மனையை ஒருவரும் வாங்கவில்லை. அவர்கள் வாயை அடைக்க அவளே அதை வாங்கி வீடும் கட்டினாள்.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நாற்பதடியைப் பார்த்தால் அவளுக்கும் பயம். செங்கல் அடுக்கிய நாளிலிருந்தே பயம். ஏழு வயது மகள் கோதை அங்கே ஓடிப்போய் நின்று கையாட்டும்போதெல்லாம் ஏதாவது வேலை சொல்லித் தன் பக்கம் கூப்பிட்டுக்கொள்வாள். ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவள் எந்த முகத்தோடு இதை வெளியே சொல்வாள்?

வைகாசியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்ச முடிவானது. முகூர்த்தம் விடிகாலை நாலரைக்கு மேல் ஆறுக்குள்.

முதல் நாள் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தம்பி விஜயபாண்டி ஆம்னி வேனில் வந்து இறங்கினான். பிறந்த வீட்டுச் சீர். குலை தள்ளிய வாழைமரம் இரண்டு, ஒரு கட்டுக் கரும்பு, பலாப்பழம் இரண்டு, வெள்ளிக் குத்துவிளக்கு, இன்னும் என்னென்னவோ. பார்த்ததும் சிவரஞ்சனிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏலே, போர்டை வாசிக்கலியா நீ? வாழை கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.”

“வாழை இல்லாமப் பால் காய்ச்சுவாகளாக்கா? சந்தையில தேடித் தேடி எடுத்தது. ஒரு நாளைக்கு என்ன ஆயிரப் போவுது?”

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் செல்லத்தாய் வெளியே வந்துவிட்டாள். பத்து வருடமாக, “உங்க வீட்டுல என்ன செஞ்சாக?” என்று ஜாடையாகக் கேட்டே பழகியவள், வாழைக்குலையை மேலும் கீழும் பார்த்தாள்.

“பரவால்லயே. இம்புட்டுப் பெரிய குலையா? ஒன் தம்பிக்குத் தாராளக் கைதான்.”

அந்த ஒரு வார்த்தையில் சிவரஞ்சனி கவிழ்ந்துவிட்டாள். பத்து வருடம் காத்திருந்து வாங்கிய வார்த்தை. அதைக் கையில் வைத்துக்கொண்டு சீரைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. வாழைமரங்கள் கேட் தூண்களில் ஏறின. அவற்றைச் சுற்றித் தம்பி சீரியல் லைட்டும் சுற்றிவிட்டான்.

அதே நேரத்தில்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் லிங்கேஸ்வரன் வந்தார். ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். எதையும் நிதானமாக, நல்லதற்குத்தான் சொல்வார்.

“ஏம்மா சிவரஞ்சனி, நாளைக்கு நாப்பது அம்பது பேரு வாராக. ஓடைப் பக்கந்தான் வண்டி நிறுத்த இடம். சின்னப் புள்ளைக ஓடும், இருட்டுல ஓடைக்குள்ள விழுந்து வச்சா? ஒரு ராத்திரிக்குத் தகரத்தை வச்சு மறைச்சிரு. விடிஞ்சதும் எடுத்துருவோம்.”

அவள் மறுத்துப் பேசியிருக்கலாம். பேசத் தெரியாதவளா? ஆனால் அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, அப்பாடா என்று உட்கார்ந்தது. ஒரே ஒரு ராத்திரி அந்த வழி மூடிக் கிடக்கும், கோதை அந்தப் பக்கம் ஓடினாலும் பதற வேண்டாம். “சரி சார்” என்றாள். கட்டட வேலைக்கு வரும் இருளப்பசாமி சவுக்குக் கம்புகளை மணல் நிரப்பிய பெயிண்ட் வாளிகளில் நட்டு, தகரங்களை வரிசையாக வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கினான். பக்கத்தில் நின்று, “நல்லா இறுக்கு, காத்துக்கு ஆடக்கூடாது” என்று சொன்னவளும் அவள்தான்.

அன்றைக்கு முழுவதும் போன் டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. காலனி வாட்ஸ்அப் குரூப்பில் வாழ்த்துமேல் வாழ்த்து. பூங்கொத்துப் படம், பிள்ளையார் படம், பொங்கி வழியும் பால்பானைப் படம். நூற்று நாற்பதைத் தாண்டியதும் அவள் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

மறுநாள் மணி நாலே முக்கால். உள்ளே ஹோமப்புகை. வாசலில் சோழபுரத்துச் சமுத்திரம் தன் பசுவையும் கன்றையும் பிடித்துக்கொண்டு நின்றார். புதுவீட்டுக்குள் முதலில் பசுதான் கால் வைக்க வேண்டும். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மாலை, எல்லாம் ஆயிற்று. பசு மட்டும் நகரவில்லை. நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கை விடைத்துக்கொண்டு நின்றது.

“வாழைப்பழத்தக் காட்டுங்க” என்றது ஒரு குரல். காட்டினார்கள். பசு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. உறவுக்கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

“பசு மிதிக்க மாட்டேங்கே. என்ன கொறையோ தெரியலையே” என்று செல்லத்தாய் தழுதழுத்தாள். பசு மிதிக்காத வீட்டில் யார் குடியிருப்பது? அந்தப் பயம் கூட்டத்துக்குள் ஒவ்வொருவராகப் பரவியது. ஐயர்கூட மந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

சமுத்திரம் பசுவின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு சிவரஞ்சனியை அருகில் வரச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தாயி, இது நடுங்குது. வீட்டுல ஒண்ணும் கொறையில்ல. பின்கதவு வழியா காத்து வருது பாருங்க, அந்தக் காத்துல வாடை இருக்கு.”

“என்ன வாடை?”

“ஆனை.”

வீட்டின் பின்பக்கம் மேற்கு. மேற்கே இருப்பது ஓடையும் தகரமும்தான். மதிலுக்கு வெளியே மலைப்பக்கம் நிற்கிறது போல, உள்ளே வர முடியாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் கேட்டில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது.

வலது தூணில் கட்டியிருந்த வாழைமரம் மெதுவாக மேலே எழும்பியது. அதைச் சுற்றியிருந்த சிவப்பும் பச்சையுமான சின்ன விளக்குகளும் அதோடு சேர்ந்து எழும்பின. எழும்பி, அந்தரத்தில் ஒரு நொடி நின்று, பட்டென்று அறுந்து அணைந்தன. அணைவதற்கு முன் அந்த வெளிச்சத்தில் ஒரு நெற்றியும், ஒரு சின்னக் கண்ணும் தெரிந்தன.

அத்தனை நேரம் வர மாட்டேன் என்று நின்ற பசு, கயிற்றை அறுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குள் பாய்ந்தது. ஹோமகுண்டத்தைத் தாண்டி ஹாலின் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. கன்றும் பின்னாலேயே. மனிதர்களும் அதன் பின்னாலேயே. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டபோது நாற்பது பேரும் இரண்டு மாடும் ஒரு ஹாலுக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே வாழைத்தண்டு மடக் மடக்கென்று ஒடிகிற சத்தம் கேட்டது.

சிவரஞ்சனி பாண்டிதுரைக்குப் போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

“யக்கா, பயப்படாதீக. தாயும் குட்டியுந்தான். லைட்டை எல்லாம் அணைச்சுட்டுச் சத்தம் போடாம இருங்க. ஓடைப் பக்கந்தான் தொறந்து கெடக்கே, அதுபாட்டுக்குப் போயிரும்.”

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

“யக்கா?”

“அடைச்சிருக்கு, பாண்டிதுரை.”

“எது?”

“மேக்குப் பக்கம். தகரம். ஒரு ராத்திரிக்குன்னு…”

“சாயங்காலமே குரூப்புல போட்டேனேக்கா” என்றான். “முந்தாநாள் ராத்திரி எறங்குனது ரெண்டு, பக்கத்துத் தோப்புகள்ல ஆள் நடமாட்டம்னு கண்மாய்க் கருவேலங்காட்டுலயே பகல்ல நின்னுட்டு, இன்னைக்கு விடியுமுன்ன மேக்க திரும்பும், வழியில யாரும் நிக்காதீங்கன்னு. நீங்க பாக்கலியா?”

பூங்கொத்துகளுக்கும் பிள்ளையார்களுக்கும் அடியில் எங்கோ அந்தச் செய்தி கிடந்திருக்கிறது.

“நான் வர இருபது நிமிசமாவும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. போக வழியில்லாத ஆனைக்குப் பக்கத்துல வெடியைப் போட்டுறாதீங்க. அது ஆள் மேலதான் திரும்பும்.”

போனைக் கீழே இறக்கினாள். எதிரே தம்பி விஜயபாண்டி ஒரு துணிப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தான். சிவகாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெடியில்லாமல் விசேஷம் நடத்துகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. அவன் ஒரு கையில் அணுகுண்டு, மறு கையில் தீப்பெட்டி.

“போடாதலே!”

“ரெண்டு போட்டா ஓடிரும்க்கா.”

“எங்க ஓடும்? அடைச்சு வச்சிருக்கோம்லா?” சொல்லிக்கொண்டே ஹாலில் இருந்த பிள்ளைகளை எண்ணினாள். தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒன்று குறைந்தது. “கோதை எங்க?”

விஜயபாண்டி பின்கதவைப் பார்த்தான்.

“வேன்லக்கா. குளிச்சு உடுத்திட்டுத் தூக்கம் வருதுன்னா. நாந்தான் கொண்டுபோய்ப் படுக்க வச்சேன். காத்து வரட்டும்னு கதவத் தொறந்து…”

“வேன் எங்க நிக்கி?”

“தகரத்துக்கிட்ட. பலாப்பழம் ஒண்ணும் அதுலதான் இருக்கு.”

செல்லத்தாய் வாயில் அடித்துக்கொண்டு சரிந்தாள். கணவன் கௌதம்ராஜ் கதவை நோக்கிப் பாய்ந்தான். சிவரஞ்சனி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“நீங்க மெயின் சுவிட்சை அணைங்க. இவன் கையப் பிடிச்சுக்கோங்க, விடாதீங்க. ஒரு வெடி வெடிச்சாலும் நம்ம புள்ள நமக்கு இல்ல. தகரத்தை எப்படிக் கட்டிருக்குன்னு எனக்குத்தான் தெரியும். நான் போறேன்.”

வேலைப் பையிலிருந்து கட்டுக்கம்பி முறுக்கும் கொக்கியை எடுத்துக்கொண்டு, பட்டுச்சேலையை வரிந்து செருகி, பின்கதவு வழியே வெளியே வந்தாள். விளக்குகள் அணைந்தன. வானம் லேசாக வெளிறியிருந்தது. மலை மட்டும் கன்னங்கரேலென்று நின்றது. வீட்டுக்கும் வேனுக்கும் நடுவே அறுபதடி இருக்கும். அந்தத் தெருவை அளந்து கல் நட்டவளே அவள்தான். அன்றைக்கு அந்த அறுபதடி முடியவே மாட்டேன் என்றது. ஒவ்வொரு அடிக்கும் காலடியில் ஜல்லி நொறுங்கியது. ஓடினால் சத்தம், நடந்தால் நேரம்.

கோதை வேனின் நடு சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பச்சைப் பட்டுப்பாவாடை, தலையில் மல்லிகை. காலடியில் பலாப்பழம், வேன் முழுக்க அதன் மணம். தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று கையை நீட்டினாள். அப்போது வீட்டின் பக்கவாட்டிலிருந்து அது வந்தது.

ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு, பூனை மாதிரி வந்தது. அதன் வயிற்றடியில் குட்டி. வீட்டுக்கும் அவளுக்கும் நடுவில் அவை நின்றன. இனி வீடு இல்லை.

சிவரஞ்சனி குனிந்தபடியே வேனைச் சுற்றி மறுபக்கம் போனாள். அந்தப் பக்கக் கதவை விரல் விரலாக நகர்த்தினாள். பிள்ளையின் வாயைப் பொத்தி, இடுப்பைப் பிடித்து, வெளியே உருவினாள். கோதை கண்ணைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கத்த வேண்டும் என்ற எண்ணமே அவளுக்குப் போய்விட்டது. அவளை மதிலோரம் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார வைத்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். வேன் ஆடியது. சற்றுமுன் பிள்ளை கிடந்த சீட்டின் மேல் தும்பிக்கை நீண்டு வந்தது. தடவியது. சீட்டை, தலையணையை, உதிர்ந்து கிடந்த மல்லிகையைத் தடவிவிட்டுப் பலாப்பழத்தைச் சுருட்டிக்கொண்டு போயிற்று.

அந்த நேரத்தில் குட்டி தகரத்தின் முன் நின்றது. நெற்றியால் முட்டியது. டம். பின்வாங்கி மறுபடி முட்டியது. டம். தாய் பழத்தைத் தின்னவில்லை, கீழே போட்டுவிட்டுத் திரும்பிக் குட்டியைப் பார்த்தது. பழத்துக்காக வந்தவை அல்ல, வீட்டுக்குப் போக வந்தவை என்று சிவரஞ்சனிக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குப் போகிற வழியில் அவள் தகரத்தைக் கட்டி வைத்திருக்கிறாள்.

தவழ்ந்து தகரத்தின் ஓரத்துக்குப் போனாள். ஒரு தகரத்துக்கு மூன்று கட்டு. கீழ்க்கட்டில் கொக்கியை மாட்டி எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். நல்லா இறுக்கச் சொன்னாளே, இருளப்பசாமி சொன்னபடி இறுக்கியிருந்தான். கை வியர்வையில் கொக்கி வழுக்கியது. நான்கு சுற்று. விட்டது. நடுக்கட்டு. விட்டது. மேல்கட்டுக்கு எழுந்து நிற்க வேண்டும். எழுந்தால் தெரியும். எழுந்தாள்.

மேல்கட்டு அவிழ்ந்ததும் தகரத்தை மெல்லச் சாய்க்கலாம் என்றுதான் தோளில் வாங்கினாள். அதன் விளிம்பு தோளைக் கிழித்தது, பிடி நழுவியது. தகரம் கல்லின் மேல் விழுந்த சத்தம் மலை வரைக்கும் போய்த் திரும்பியது.

தாய் பிளிறியது. காதை விரித்துக்கொண்டு வந்த வேகத்தில் அதன் நெற்றி வேனில் மோதியது. வேன் ஒரு முழம் நகர்ந்தது, மதிலைப் பார்த்து. மதிலுக்கும் வேனுக்கும் நடுவில் கோதை. இன்னொரு முட்டுக்கு இடமில்லை. சிவரஞ்சனி எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். வீட்டுக்குள் யாராவது ஒருவர் பயத்தில் ஒரு வெடியைக் கொளுத்திவிட்டால் எல்லாம் முடிந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வெடி வெடிக்கவில்லை. கௌதம்ராஜ் பிடித்த கையை விடவில்லை.

குட்டிதான் முதலில் கண்டுகொண்டது. தகரம் விழுந்த இடைவெளியில் தும்பிக்கையை நீட்டி மோந்தது. விழுந்த தகரத்தின் மேல் ஒரு கால் வைத்தது, சத்தத்துக்கு மிரண்டு எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. பிறகு ஒரே ஓட்டம். தாய் வேனை விட்டது. பக்கத்துத் தகரத்தையும் சவுக்குக் கம்பையும் உடம்பால் தள்ளிக்கொண்டு, சிவரஞ்சனிக்கு மூன்றடி தூரத்தில் அவளைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து ஓடைக்குள் இறங்கியது. கூழாங்கற்கள் உருண்டன. அப்புறம் அதுவும் இல்லை.

சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. “அம்மா, பாவாடை எல்லாம் மண்ணாயிட்டு. அடிப்பியா?”

சிவரஞ்சனி பிள்ளையை அள்ளிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

விடிந்த பிறகு பாண்டிதுரை வந்தான். யாரையும் எதுவும் கேட்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். தகரத்தின் முன் மண் குழைந்து கிடந்தது. பெரிய வட்டத் தடங்கள் வடக்கே போய்த் திரும்பி, தெற்கே போய்த் திரும்பி, ஒன்றின்மேல் ஒன்றாக மிதிபட்டிருந்தன. சின்னத் தடங்கள் வேன் வரைக்கும் வந்திருந்தன. திறந்திருந்த கதவுக்கு நேராக நின்றிருந்தன. படிக்கட்டில் ஈரச்சேறு.

“வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே இங்கதான்க்கா நின்னிருக்கு” என்றான். “வழியத் தேடிருக்கு. குட்டி வந்து புள்ளைய மோந்து பாத்துட்டுப் போயிருக்கு.”

சிவரஞ்சனி வேனைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் மேளமும் மந்திரமுமாக இருந்த நேரத்தில், தூங்குகிற பிள்ளையின் முகத்துக்கு நேரே அது நின்றிருக்கிறது.

விசேஷ வீட்டில் யானை வந்தாலும் இட்லி ஆறக்கூடாது. பால் பொங்கியது, பந்தி நடந்தது. ஒவ்வொரு இலையிலும் யானை ஓரடி உயர்ந்தது. எட்டு மணிக்கு லிங்கேஸ்வரன் ஒரு தாளோடு வந்தார். ஓடைப் பக்கத்து நாற்பதடியைப் பத்தடி உயர மதிலால் நிரந்தரமாக அடைக்க வேண்டும் என்று மனு. இருபத்து மூன்று கையெழுத்து ஆகியிருந்தது. கடைசியில், சைட் சூப்பர்வைசர் பரிந்துரை என்று ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார்.

சிவரஞ்சனி வாங்கிப் பார்த்தாள். முதல் கையெழுத்து கௌதம்ராஜ்.

“கோவப்படாத” என்றான் அவன். “எனக்கு இன்னும் பயம் போகல. நம்ம புள்ள அங்கதான கெடந்தா.”

“எனக்கும் போகல.” நீட்டிய பேனாவை அவள் வாங்கவில்லை. பந்தியில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். “நேத்து அடைச்சது நாந்தான். சார் சொன்னாக, ஆனா நான் வேண்டாம்னு சொல்லிருக்கணும். எனக்கும் உள்ளுக்குள்ள அடைக்கணும்னுதான் இருந்துச்சு, அதான் சரின்னுட்டேன். வாழையைக் கட்ட விட்டதும் நாந்தான். அந்த வழி தொறந்து கெடந்திருந்தா, பசு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டும் மலையேறியிருக்கும், நாம ஒருத்தரும் பாத்திருக்கவே மாட்டோம். ஒரு ராத்திரி அடைச்சதுக்கே எம் புள்ள மூஞ்சிக்கு நேரா வந்து நின்னுச்சு. பத்தடிச் செவரு வச்சா அதுக நம்ம தெருவுலதான் சுத்தும்.”

“பெத்தவ நீயாட்டி அடைச்ச?” என்றாள் செல்லத்தாய்.

இலைகளில் கைகள் நின்றுபோயின. லிங்கேஸ்வரன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “நீ அதிர்ச்சியில இருக்கம்மா. ரெண்டு நாள் போகட்டும், பேசுவோம்” என்றார். இருபத்து மூன்று பேரில் யாரும் தன் பெயரை அடிக்கச் சொல்லவில்லை. கௌதம்ராஜும் சொல்லவில்லை.

வெயில் சாய்வதற்குள் உறவுக்கூட்டம் மொத்தமும் கிளம்பிவிட்டது. பால் காய்ச்சிய வீட்டில் அன்று ராத்திரி வீட்டுக்காரர்கள் தங்கித்தான் ஆக வேண்டும். சிவரஞ்சனியும் இருளப்பசாமியுமாக மிச்சத் தகரங்களை அவிழ்த்து, கம்புகளையும் வாளிகளையும் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். நாற்பதடியும் மறுபடி திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் ஓடை, புதர், மலை. வெளிச்சம் குறையக் குறைய அந்தத் திறப்பு அகலமாகிக்கொண்டே போவது போல அவளுக்குத் தோன்றியது.

கௌதம்ராஜ் பக்கத்தில் வந்து நின்றான். கோதை அவன் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் தரையில் தனியாக நிற்கவேயில்லை.

“தகர வண்டியத் திரும்பக் கூப்பிடவா?” என்று கேட்டான். கெஞ்சுகிற குரல். “ஒரு நாலு நாளைக்கு. புள்ள கொஞ்சம் தெளியட்டும். பொறவு எடுத்துருவோம்.”

அவளுக்கும் அதுதான் ஆசை. உடம்பில் உள்ள ஒவ்வொரு நரம்பும் சரி என்று சொல்லச் சொன்னது. நேற்றைவிட இன்றைக்குப் பயம் பத்து மடங்கு. பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பார்த்தால் சரி என்று சொல்லிவிடுவாள்.

“வேண்டாம்” என்றாள். குரல் எழும்பவில்லை, அவளுக்கே கேட்கவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு, அவன் காதில் விழும்படி இன்னொரு தடவை சொன்னாள்.